காணா நட்பும் கடிதமும்

நட்புக்கு நேரிற் காண்டலும் உடனிருந்து பழகலும் இன்றியமையாதனவா என்பது பழைய வினா. வேண்டா என்பது வள்ளுவர் தீர்ப்பு. உள்ளத்துணர்ச்சி ஒத்திருப்பின் அதுவே நட்பின் உரிமை முழுவதையும் தந்துவிடும் என்பது அவர் கருத்து. அக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் சான்றாக நிறுத்தினார். உறையூரிலிருந்த வேந்தனும் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரிலிருந்த புலவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும், சோழன் வடக்கிருக்கத் துணிந்தபோது, ஆந்தையார் தப்பாது வருவாரென்று அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குவித்தான். அவரும் வந்து சேர்ந்தார். இவ்வரலாற்றை நாம் வகுப்புத்தோறும் சொல்லி வருகின்றோம். கேட்கும் மாணாக்கருள் ஒருவனாவது எழுந்து, "காணாமலே நட்பு எப்படி ஐயா வளரும்?" என்று வினவுவான். வினாவில் நியாயம் உண்டு.

ஏனெனில், புறநானூறு அவ்வினாவுக்கு நேர்விடை தருவதில்லை. அன்னச் சேவலை நோக்கிச் சோழனிடம் செல்லுமாறு ஆந்தையார் பாடிய பாட்டொன்று உண்டு. அதற்கு மேல், அவர் சோழனுக்கு என்ன சொல்லியனுப்பினார், சோழன் என்ன மறுமொழி விடுத்தான், இருவரும் தத்தம் ஊர்ச் செய்திகளை எவ்வாறு பரிமாறிக்கொண்டனர் என்பன நமக்குக் கிடைத்தில. நட்பின் முதிர்ச்சியைக் காண்கின்றோம். அது முளைத்து இலைவிட்ட நாட்களைக் கண்டிலேம். அந்நாட்களையும் காட்டும் சான்றொன்று வேண்டுமாயின், அது வேற்று மொழியில், நமக்கு மிக அண்மைக் காலத்தில் இருக்கின்றது. 1970இல் நியூயோர்க்கில் வெளிவந்த ‘84, சாரிங் குரொஸ் வீதி’ என்னும் சிறிய ஆங்கில நூலே அது. அமெரிக்காவிலிருந்த ஒரு வாசகிக்கும் இலண்டனிலிருந்த ஒரு பழம்புத்தகக் கடைக்கும் இடையே ஏறத்தாழ 20 ஆண்டுகள் சென்றுவந்த கடிதங்களின் தொகுதி அது.

தமிழ்ப் பண்டிதனுக்கு ஆங்கில நூலில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. நமது வகுப்பறைகளிற் கடிதம் என்ற பெயரால் நாம் கற்பிப்பது கடிதமே அன்று என்பது என் கருத்து. அதனை நிறுவுவதற்கு, உண்மைக் கடிதம் எப்படியிருக்கும் என்பதை முதலிற் காட்டவேண்டும். அதற்கு இந்நூலினும் வாய்ப்பான இலக்கியத்தை யான் அறியேன்.

ஹெலீன் ஹான்ஃப் 1916இற் பிலடெல்பியா நகரிற் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு ஓராண்டோடு நின்றுபோயிற்று. கேம்பிரிட்ஜிற் பேராசிரியராக விளங்கிய ஆதர் குயில்லர்-கூச் என்பாரின் விரிவுரை நூல்களைப் பொது நூலகத்திற் கண்டெடுத்து, அவற்றையே ஆசானாகக் கொண்டு ஆங்கில இலக்கியம் கற்றார். ஏகலைவன் கற்ற வழியும் இதுவே. பின்னர் நியூயோர்க்கிற் குடியேறி நாடகங்கள் எழுதினார்; அவை அரங்கேறவில்லை. தொலைக்காட்சிக்கு எழுதியும் வேறு எழுத்துவேலைகள் செய்தும் சீவித்தார். அவர் விரும்பிய பழைய நூல்கள், அவர் கைப்பொருளுக்கு எட்டும் விலையில், நல்ல பதிப்புக்களாக அங்கே கிடைக்கவில்லை. சஞ்சிகை ஒன்றில் இலண்டன் கடையொன்றின் விளம்பரத்தைக் கண்டார். 1949 ஒக்டோபர் 5ஆந் திகதி, வேண்டிய நூல்களின் பட்டியலோடு ஒரு கடிதம் விடுத்தார். நூலொன்றுக்கு 5 டொலருக்கு மேற்படலாகாது என்பது அவர் விதித்த வரம்பு. கடையின் பெயர் மாக்ஸ் அன் கோ. அங்கிருந்து மறுமொழி எழுதியவர் பிராங்க் டோல் என்னும் ஊழியர்.

முதற் கடிதங்கள் வெறும் வணிகக் கடிதங்களே. ஹாஸ்லிற்றின் கட்டுரைகள் உண்டு, ஸ்டீவன்சனின் கட்டுரைகள் உண்டு, விலை இவ்வளவு, அஞ்சலில் விடுத்துள்ளோம். இவ்வளவே செய்தி. ஆயினும், மூன்று மாதம் நிறைவதற்குள் நிலைமை மாறிற்று. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிவுற்றும் பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு நீங்கவில்லை. அது முற்றாக நீங்கியது 1954இலேயே. குடும்பம் ஒன்றுக்குக் கிழமைக்கு 2 அவுன்சு இறைச்சியும் ஆளுக்கு மாதம் ஒரு முட்டையுமே கிடைக்கின்றன என்று ஹெலீன் பிறர் வாயிலாகக் கேள்வியுற்றார். கேட்டவர் வாளாவிருக்கவில்லை. 6 இறாத்தற் பன்றித்தொடை இறைச்சி அடங்கிய உணவுப் பொதியொன்று அக்கடைக்குப் போய்ச்சேர ஒழுங்கு செய்தார். செய்தபின் ஓர் ஐயம் பிறந்தது. கடை உரிமையாளர் இருவரின் பெயர்களும் யூதப் பெயர்களாய்த் தோன்றின. யூத ஆசாரத்துக்குப் பன்றியிறைச்சி விலக்கன்றோ? வேண்டுமாயின் வேறிறைச்சி விரைந்து அனுப்புவேன் என்று பதைத்து எழுதினார். இலண்டனிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. உரிமையாளர்கள் தமக்கெனப் பங்கு கொள்ளாது, வந்தவற்றை ஊழியர்களே பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று வற்புறுத்தினராம்.

அன்றுதொட்டு அக்கடையில் உள்ளோர் அனைவரும் ஹெலீனுக்கு உறவினர் போலாயினர். கடையிற் பணிபுரிந்த இளம் பெண்ணொருத்தி, பிராங்க் அறியாதபடி தானும் ஒரு கடிதம் எழுதினாள். பின்னர் யோர்க்ஷயர் புடிங் என்னும் பண்டம் செய்யும் முறையையும் எழுதியனுப்பினாள். நியூயோர்க்கில் அது அடுப்பேறிற்று. பிராங்கின் மனைவி நோரா, வீட்டுச் செய்திகளையும் பிள்ளைகளின் படங்களையும் அனுப்பினார். பிராங்கின் அயல்வீட்டில் 80 வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தம் கையாற் பூவேலை செய்த மேசைவிரிப்பு, கடையாரின் அன்பளிப்பாக அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. உதைபந்தாட்டத்தில் தம் அணிக்கு நேர்ந்த கதியை அவர் எழுதுவார். அமெரிக்கரின் பேஸ்போலில் தம் அணிக்கு நேர்ந்த கதியை இவர் எழுதுவார். இவற்றினிடையே நூல்களும் வந்தவண்ணம் இருந்தன: நியூமனின் பல்கலைக்கழகம் பற்றிய நூலின் முதற் பதிப்பு, வால்ற்றனின் வாழ்க்கை வரலாறுகள், பெப்பிசின் நாட்குறிப்பு, டொன்னின் சமயப் பிரசங்கங்கள், ஜேன் ஒஸ்ரினின் நாவல். நூலின்பமும் அன்றாட வாழ்வும் ஒரே உறையினுள் இருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

நெருக்கம் படிப்படியாகவே வளர்ந்தது. முதலில், ‘அம்மணி’ என்ற பொது விளி. அடுத்து, மரியாதை அடைமொழியோடு குடும்பப் பெயர். அடைமொழி நீங்கி, ‘அன்புள்ள ஹெலீன்’ என்று பிராங்க் எழுதியது 1952 பெப்ரவரியிலேயே. அதற்கு அவர் சொல்லிய காரணம் சுவையானது. தாம் எழுதும் கடிதங்களின் பிரதிகள் கடைக் கோவையிற் சேர்வதனால், அதற்கேற்ற முறையான விளியே பொருத்தமென்று கருதி வந்தாராம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவர் கேலியும் சினமுமாகக் கொட்டி எழுதுகிறார். மற்றவர் அளந்து, அடங்கி, அலுவலக நடையில் எழுதுகிறார். ஒருவர் நடையை மற்றவர் திருத்தவுமில்லை, கைக்கொள்ளவுமில்லை. இரு நடைகளும் அருகருகே நின்று ஒன்றையொன்று ஒளிர்வித்தன.

இலண்டனைக் காணவேண்டும் என்பது ஹெலீனின் நெடுநாள் ஆசை. எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழா 1953இல் நிகழவிருந்தது. அதற்கு வருமாறு நண்பர்கள் அழைத்தனர். ஆனால், சேர்த்த பணம் பல் வைத்தியத்துக்குப் போயிற்று. காவியத்திற் பிரிவுக்குக் காரணம் சாபமாக இருக்கும், போராக இருக்கும். உண்மை வாழ்விலோ, பல்லுக்குப் பூணிடும் செலவு இரு நண்பரைக் காணவொட்டாது தடுத்துவிடுகிறது. பின்னரும் ஒவ்வோராண்டும் ஏதோவொன்று குறுக்கிட்டது. 1968 டிசம்பர் 22ஆந் திகதி, குடல்வால் வெடித்ததனால் உண்டான நோயினாற் பிராங்க் டோல் இறந்தார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்திற் கடையின் செயலாளர் எழுதிய கடிதமே ஹெலீனுக்கு அச்செய்தியைக் கொண்டுவந்தது. அவர் இலண்டனில் முதன்முதற் கால்வைத்தது 1971இல். தம் நூலின் ஆங்கிலநாட்டுப் பதிப்பு வெளியான வேளையில். அப்போது கடை மூடப்பட்டு வெறுமையாய்க் கிடந்தது.

ஆந்தையார் வந்து சேர்ந்தார்; ஹெலீன் வரவில்லை. ஆதலால், இது குறைபட்ட நட்பா? சோழன் கதையில் நம்மை வியப்பிலாழ்த்துவது அவர் வந்தது மட்டுமன்று. வருவாரென்று இவன் ஐயமின்றி அறிந்திருந்ததுமாகும். அந்த அறிவு எங்கிருந்து வந்தது? அதற்கான விடையை இக்கடிதங்கள் காட்டுகின்றன. அதனை மூன்றாகப் பகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, இருவருக்கும் நடுவே ஒரு பொதுப்பொருள் இருந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி, "நீ எப்படி? நான் எப்படி?" என்று தொடங்கவில்லை. இருவரும் நூல்களையே நோக்கினர். பெப்பிசின் நாட்குறிப்பை எதிர்பார்த்த ஹெலீனுக்கு, சுருக்கித் தொகுத்த பதிப்பொன்று வந்தது. அதற்காக அவர் கொண்ட கோபம், அவர் எத்தகையவர் என்பதைப் பத்துப் பக்கத் தன்வரலாற்றினும் தெளிவாக உணர்த்துகின்றது. முன்னொருவர் படித்துக் கோடிட்ட பழம்பிரதிகளில் அவருக்குப் பெருவிருப்பம். கடையார் பரிசாக விடுத்த நூலொன்றில், நூலின் முகப்பேட்டிற் கையெழுத்திடாது தனிச்சீட்டில் எழுதி வைத்திருந்தனர். எழுதினால் நூலின் விலைமதிப்புக் குன்றுமென்று எண்ணிவிட்டீர்கள் போலும் என்று அவர்களைக் கடிந்துகொண்டார். விற்பவர்க்கும் படிப்பவர்க்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் அவ்வொரு கடிந்துரையில் அடங்கியிருக்கின்றது.

இரண்டாவது, சிறு கடமையை நேர்மையாகச் செய்தமை. ஹெலீன் பணத்தாளை உறையிலிட்டு அனுப்பினார். கடையார் வந்த தொகையையும் எஞ்சிய தொகையையும் தவறாது கணக்குக் காட்டினர். கேட்ட நூல் அன்று கிடைக்காவிடினும் பிராங்க் அதை மறந்திலர். பழைய நூலகங்களை விலைகொள்ள நாட்டுப்புற மாளிகைகளுக்குச் செல்லும்போதும் அவர் நினைவில் அப்பட்டியல் இருந்தது. "இது வெறும் வணிகம்" என்று ஒதுக்குவோர், வணிகத்தில் நாணயம் இருப்பின் அது நட்புக்கு எத்துணை உறுதியான அடிப்படையாகும் என்பதை எண்ணுவாராக. பெரிய சொற்களால் நட்பு வளர்வதில்லை. சொன்னதைச் செய்வதனால் வளர்கின்றது.

மூன்றாவது, அன்றாட வாழ்வைச் சொல்லியமை. முட்டையும் இறைச்சியும், மேசைவிரிப்பும், பல்வலியும், வீடு மாறியதும், பந்தாட்டத் தோல்வியும் இலக்கியப் பொருள்கள் அல்லவென்று நாம் நினைக்கலாம். ஆனால், பங்கீட்டுக் கால இங்கிலாந்தின் நிலையை வரலாற்று நூல்களிற் படிப்பதும், ஆறேழு ஊழியர் ஒரு பொதியைப் பங்கிட்டு வீட்டுக்குக் கொண்டுசென்றதைப் படிப்பதும் ஒன்றல்ல. ஒரு நாட்டின் பண்பாட்டை மற்றொரு நாட்டுக்கு விளக்கவேண்டுமென்று இருவரும் எண்ணினாரல்லர். தம் நாளைச் சொன்னார்கள். பண்பாடு தானே வெளிப்பட்டது.

இனி நமது வகுப்பறைக்கு வருவோம். "உமது பாடசாலையில் நடைபெற்ற விளையாட்டுப் போட்டியை விபரித்து, வெளியூரிலுள்ள நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதுக." இவ்வினாவைப் போன்ற வினாக்களுக்கு விடை எழுதாத மாணாக்கர் நம்மிடையே இலர். அந்த வெளியூர் எது? அந்த நண்பன் யார்? ஒருவனும் இல்லை. மாணாக்கன் வலப்பக்க மூலையில் முகவரியும் திகதியும் இடுகின்றான். நலம் கூறி நலம் விசாரிக்கின்றான். போட்டியை ஒரு கட்டுரையாக எழுதுகின்றான். ‘இங்ஙனம்’ என்று முடிக்கின்றான். ஆசிரியர் அமைப்புக்கு இத்தனை புள்ளி, பொருளுக்கு இத்தனை புள்ளி, மொழிக்கு இத்தனை புள்ளி என்று பகுத்திடுகின்றார். அமைப்பு எல்லாம் சரியாயிருக்கும். ஆயினும், அது எவரும் எவருக்கும் எழுதாத ஓலை. கேட்பவனின்றிப் பேசும் பேச்சு அது. டாக்டர் மு. வரதராசன் ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’ முதலாகக் கடித வடிவில் எழுதிய நூல்கள் நமக்கு நல்விருந்துகள். எனினும், அவை கடித வடிவைக் கருவியாகக் கொண்ட அறிவுரைகள். மறுமொழியை எதிர்நோக்கி எழுந்தவையல்ல. மறுமொழியை எதிர்நோக்கும் நெஞ்சு இருந்தாலன்றிக் கடிதத்துக்கு உயிர் இல்லை.

யான் வேண்டுவது ஒன்றே. மாணாக்கனுக்கு உயிருள்ள ஒரு பெறுநரைக் கொடுப்போம். யாழ்ப்பாணத்து வகுப்பொன்றையும் ஹற்றனிலுள்ள வகுப்பொன்றையும் இரு ஆசிரியர்கள் தம்முள் இணைத்துக்கொள்ளலாம். மட்டக்களப்பையும் மன்னாரையும் இணைக்கலாம். இரு வகுப்பாரும் ஒரு தவணைக்கு ஒரே நூலைப் படிக்கட்டும். அந்நூலைப் பற்றி எழுதும்போதே, பனங்கிழங்கு அவிப்பதையும் கொழுந்து நிறுப்பதையும், வாவியில் வலை வீசுவதையும் மலையில் மூடுபனி இறங்குவதையும் அவர்கள் எழுதாமல் இரார். ஒரே மொழி பேசும் பிள்ளைகள் ஒருவர் ஊரை மற்றவர் வரைபடத்தில் மட்டுமே அறிந்திருக்கும் நிலை இன்றும் உண்டு. 1983இன் பின் கடல் கடந்தோரின் பேரப்பிள்ளைகள் நம் ஊர்களைப் பெயரளவிலும் அறியாராய் வளர்கின்றனர். அவர்களுள் தமிழ் படிப்போர்க்கும் இங்குள்ள பிள்ளையொன்றின் கடிதத்தைப் போன்ற பாடநூல் வேறில்லை.

மறுப்புக்கள் எழும். "கைத்தொலைபேசியில் முகத்தையே காணும் காலத்திற் கடிதம் எதற்கு?" என்பர். தொலைபேசி வேண்டாமென்று யான் சொல்லவில்லை. தொலைவிலுள்ள மகனின் குரலைக் கேட்டுத் தாய் ஆறுதலடைவதைக் குறை சொல்பவன் மூடன். ஆனால், பேச்சு காற்றோடு போகின்றது. எழுத வேண்டுமாயின், நடந்தவற்றுள் எது சொல்லத்தக்கது என்று தேரவேண்டும்; தேர்ந்ததை மற்றவன் விளங்கிக்கொள்ளுமாறு ஒழுங்குபடுத்த வேண்டும்; மறுமொழி வருமளவும் பொறுத்திருக்கவும் வேண்டும். இந்தத் தேர்வும் ஒழுங்கும் பொறுமையுமே மொழிக்கல்வியின் பயன். மேலும், பிராங்க் இறந்தபின் ஹெலீனுக்கு எஞ்சியவை அக்கடிதங்களே. அவை இருந்தமையாலேதான் இன்று நாமும் அந்நட்பை அறிகின்றோம்.

"மாணாக்கர் கண்டபடி எழுதினால் இலக்கணப் பிழை மலியுமே" என்று என்னோடொத்த பண்டிதர்கள் அஞ்சுவர். அவ்வச்சம் இலக்கணத்தின்மேற் கொண்ட பற்றினால் விளைந்தது; அதை மதிக்கின்றேன். எனினும் சொல்வேன்: அஞ்சலிற் போகும் கடிதத்திற் சிவப்பு மை படலாகாது. வகுப்புக் கொப்பியிற் சிவப்பு மைக்கு வேண்டிய இடம் உண்டு. கடிதத்துக்குத் திருத்தம் மறுமொழியில் வரும். "நீ எழுதியது எனக்கு விளங்கவில்லை" என்று அடுத்த ஊர்ப் பிள்ளை எழுதும் ஒரு வரி, ஆசிரியர் இடும் பத்துக் கோடுகளினும் ஆழமாகப் பதியும். விளங்கவைக்க வேண்டும் என்னும் ஆவல் பிறந்தபின், எழுவாயும் பயனிலையும் எதற்கென்று மாணாக்கனே கேட்டு வருவான். கேட்டு வருபவனுக்குக் கற்பிப்பது எளிது.

"இதற்குப் பாடத்திட்டத்தில் நேரமேது?" என்பது மூன்றாவது மறுப்பு. கடிதம் ஏற்கெனவே பாடத்தில் இருக்கின்றது. புதிதாக வேண்டுவன முத்திரைச் செலவும் இரு ஆசிரியர்களின் மனவொருமையுமே. பிள்ளைகளின் வீட்டு முகவரிகளைத் தவிர்த்து, கடிதங்கள் யாவும் பாடசாலை முகவரிக்கே வந்து, ஆசிரியர் கைவழியே செல்லுமாறு செய்தல் நன்று. அதுவன்றி வேறு ஏற்பாடு எதுவும் தேவையில்லை.

சாரிங் குரொஸ் வீதியில் அக்கடை இன்று இல்லை. அது இருந்த இடத்தில், அதன் பெயர் தாங்கிய நினைவுத் தகடு ஒன்றுண்டு. இலண்டனிற் பழம்புத்தகக் கடைகள் பல இருந்தன; எல்லாவற்றுக்கும் தகடு பதிக்கப்படவில்லை. ஒரு வாசகி ஒரு கடைக்காரரிடம் நூல் கேட்டு எழுதினார். அவர் ஒழுங்காக மறுமொழி விடுத்தார். அவ்வளவிலேயே அந்தக் கதவிலக்கம் உலகறிந்த இலக்கமாயிற்று.

சோழன் தன் பக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாக வைத்திருந்தான். அதற்கு உரியவர் இருந்தார். நம் மாணாக்கர் எழுதும் கடிதங்களிலும் பெறுநருக்கென்று ஓரிடம் வெறுமையாகவே இருக்கின்றது. அதற்குத்தான் உரியவர் இல்லை. அடுத்த தவணை தொடங்குமுன், ஆசிரியர் ஒவ்வொருவரும் வேறூர் ஆசிரியர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதுவாராக. முதற் கடிதம் நம்முடையதாக இருக்கட்டும்.